ஏழு நாள் வீட்டுக்காரி

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாப்பம்மா பால் காய்ச்சினாள். ஞாயிற்றுக்கிழமையே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டியவள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, மூன்றாம் மாடி முந்நூற்றேழாம் அறையின் கதவை அகலத் திறந்து போட்டுக்கொண்டு, ஒற்றை அடுப்பின் முன்னால் குனிந்து நின்று, பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெர்பர்ட் வாசலில் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிஃப்ட் செத்துப் பல மாதம் ஆகிறது. அறுபத்து நாலு வயதில் மூன்று மாடி ஏறி வந்த இரைப்பு ஒரு பக்கம், இந்தப் பால் ஒரு பக்கம்.

“அட, கிராணியார் மவனா! வாங்க தம்பி, வாங்க. வலது கால எடுத்து வச்சி வாங்க” என்றாள். இருபது வருடத்துக்கு மேல் பார்க்காதவனை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். “பொங்கிருச்சி பாருங்க! நீங்க கால வச்சதும் பொங்கிருச்சி!”

பால் வழிந்து அடுப்பெல்லாம் தீய்ந்தது. அவள் சுவரில் சாய்த்து வைத்திருந்த முருகன் படத்தைக் கும்பிட்டாள். பக்கத்தில் மாலை போட்டிருந்த புருஷன் ராமையாவின் படத்தையும் கும்பிட்டாள். பிறகு முதல் டம்ளரைக் கொண்டுவந்து நேரே ஹெர்பர்ட்டின் கையில் கொடுத்தாள்.

“மொதல்ல நீங்கதான் குடிக்கணும். வீடு வாங்கிக் குடுத்தவங்க நீங்கதானே.”

அந்தப் பாலை எப்படித்தான் விழுங்கினானோ தெரியவில்லை. அவளை அந்த வீட்டைவிட்டு வெளியே கிளப்பத்தான் அவன் அலோர் ஸ்டாரிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அவனைக் கூப்பிட்டது சுகுமாரன். செரி ஒம்பாக் ரிசார்ட்டின் கடைசி மேனேஜர், முப்பது வயதிருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

“அங்கிள், பழைய எக்ரிமென்ட்ல ஏஜென்ட்னு உங்க பேருதான் இருக்கு. அந்தம்மா எறங்க மாட்டேங்கறாங்க. முப்பது வருசம் முடிஞ்சிருச்சி, இனி வீடு என்னோடதுங்கறாங்க. வெள்ளிக்கிழமை புது ஓனர் ஆளுங்க வர்றாங்க, கரண்ட்ட வெட்டிருவாங்க. போலீச கூப்பிட்டா எவனாச்சும் வீடியோ புடிச்சி வைரல் பண்ணிருவான் லா. நீங்க வந்து பேசிப் பாருங்க. ரூம் ஃப்ரீ.”

ரூம் ஃப்ரீயாம்! அந்த ரூமின் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. ஏர்கோன் சொட்டுவதற்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி. குளியலறையில் பைப்பைத் திறந்தால் முதலில் இருமல், பிறகு துரு, பிறகுதான் தண்ணீர். பால்கனிக் கம்பி கையோடு வந்துவிடும் என்பதால் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். கீழே நீச்சல் குளத்தில் பாசி பிடித்து, குரங்குகள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. யான் ஊர்ப் பக்கத்துக் கடல் சேற்றுக் கடல். தண்ணீர் இறங்கினால் முக்கால் மைலுக்குக் களிமண்தான். அந்தக் கடலுக்கு விளம்பரப் படத்தில் பச்சை நீலம் அடித்து விற்றார்களே, அந்தப் பாவத்தில் ஹெர்பர்ட்டுக்கும் பங்கு உண்டு.

1996இல் அவன் அந்த வியாபாரத்தில்தான் இருந்தான். கோலா கெத்திலுக்கு அந்தப் பக்கம் கிளென்மோர் தோட்டம். அவன் அப்பா அங்கே கணக்கு வழக்கெல்லாம் பார்த்த பெரிய கிராணி. தோட்டம் விற்றுப்போய், லயத்து வீடுகளை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கையில் நஷ்டஈட்டுப் பணம், தலைக்கு மேல் கூரை இல்லை, ஜனங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்ற நேரம். அப்போது பார்த்து இந்தப் புண்ணியவான் டை கட்டிக்கொண்டு வந்து தோட்டத்து மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினான். எல்லாருக்கும் கறிபாப், ஆரஞ்சு கலரில் சர்க்கரைத் தண்ணி. வருஷத்துக்கு ஒரு வாரம், முப்பது வருஷம், கடலோரத்தில் சொந்தமாக ஒரு அறை. பதினோரு குடும்பம் கையெழுத்துப் போட்டது. யாரும் சீந்தாத அக்டோபர் மழை வாரங்களைத்தான் அவர்கள் தலையில் கட்டினான்.

மற்ற பத்துப் பேரும் அதை உல்லாசம் என்று நினைத்து வாங்கினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் ஏமாந்ததைப் புரிந்துகொண்டு, ஹெர்பர்ட்டை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். பாப்பம்மா மட்டும் வீடு என்று நினைத்து வாங்கினாள். அவள் பிறந்தது கம்பெனி வீடு, வாக்கப்பட்டது கம்பெனி வீடு, அவளுடைய அம்மா செத்ததும் கம்பெனி வீடு. மண்டபத்தில் எழுந்து நின்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“முப்பது வருசம் முடிஞ்சா தம்பி? அதுக்கப்புறம்?”

டவுனில் வீடு வாங்கினவர்கள் எல்லாரும் முப்பது வருடம் பேங்குக்குக் கட்டினார்கள், அப்புறம் வீடு அவர்கள் பேருக்கு வந்தது. இதுவும் அப்படித்தான் என்று அவளாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டு கேட்கிறாள் என்பது ஹெர்பர்ட்டுக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அன்றைக்கு அவனுக்குப் பதினோரு கையெழுத்து வேண்டும், பத்துதான் விழுந்திருந்தது.

“அதுக்கப்புறம் உங்களுக்குத்தான்க்கா” என்றான்.

“எழுத்துல இருக்கா?” என்று ராமையா மட்டும் கேட்டான். பாப்பம்மா அவனை முறைத்தாள். “கிராணியார் மவன் வாயால சொல்றாரு. எழுத்தாம் எழுத்து!” தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போடுவது, பிள்ளைகளுக்குப் பிறப்புச் சூராட் வாங்குவது, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது எல்லாமே கிராணிதான். கிராணி வீட்டு வார்த்தையை எழுத்தில் கேட்பது அவரை அவமதிப்பது என்று நினைத்து வளர்ந்த ஜனம் அது. ராமையா வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

ஹெர்பர்ட் அந்த வேலையை நாலு வருடத்தில் விட்டுவிட்டான். அலோர் ஸ்டாரில் இன்சூரன்ஸ் ஆபீஸ், பிறகு பென்ஷன், சர்ச் கமிட்டியில் பொருளாளர். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனைவி ரூத்திடம்கூடச் சொன்னதில்லை. எத்தனையோ பொய் சொன்னவன்தான். இது மட்டும் ஏனோ உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் பாப்பம்மா அவனுக்குச் சோறு போட்டாள். நெத்திலி சம்பல், ரசம், அப்பளம். சாப்பிட்டுக்கொண்டே அறையைப் பார்த்தான். ஜன்னல் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அந்தக் கட்டடத்தில் அழுக்கில்லாத கண்ணாடி அது ஒன்றுதான். மூலையில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. அந்தச் செடியை வருடா வருடம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாளாம், ஏழு நாள் அங்கே வெயில் காட்டிவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு போவாளாம்.

“வந்த அன்னிக்குப் பால் காச்சிருவேன். ஒவ்வொரு வருசமும். அவரு இருக்கறப்ப சிரிப்பாரு, எத்தன தடவதான் குடி போவேன்னு. வீடு தொடப்பேன், செவரு தொடப்பேன். சண்டே வந்தா அழுதுகிட்டே எறங்குவேன். மவன் வீட்ல இருந்தேன், மவ வீட்ல இருந்தேன், ஒரு நா அங்க நானா அடுப்பப் பத்த வச்சதில்ல தம்பி. எங்க வீடு யான்ல கடக்கரையில இருக்குன்னு சொல்லிக்குவேன். வருசத்துல ஏழு நாளு நானும் வீட்டுக்காரிதானே.”

“இங்க பக்கத்துல எங்கயாச்சும் போய்ப் பாத்திருக்கீங்களாக்கா? தஞ்சோங் டாவாய், பந்தாய் மெர்டேக்கா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! வீட்ல இருக்கறதே ஏழு நாளு. அத வெளிய சுத்திக் கழிப்பாங்களா?”

முப்பது வருடம் வந்தவள் வாசலைத் தாண்டிக் கடற்கரைக்குக்கூட இறங்கியதில்லை.

சோற்றுக்கு மேல் மகன் கதை. குணாளன் ஜொகூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். சுங்கை பட்டாணியில் இருந்த வாடகை ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டான். “நீதான் எப்பப் பாத்தாலும் எங்க வீடு, எங்க வீடும்பியே, இனி ஒன் வீட்லயே இரு” என்று சாமானையெல்லாம் ஒரு வேனில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. அதைச் சொல்லும்போது அவளுக்கு வருத்தம்கூட இல்லை. சொந்த வீடு இருப்பவளுக்கு மகன் எதற்கு என்ற மாதிரி சொன்னாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஹெர்பர்ட் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். “அக்கா, அந்த எக்ரிமென்ட்ல ஒரு விசயம்...”

“அந்த மேனேஜர் பையன் ஏதோ சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான்” என்று அவள் இடைமறித்தாள். “புது ஆளு, அவனுக்கு என்னா தெரியும்? அவன் பொறக்கறதுக்கு முந்தின பேச்சு. நான் சொல்லிட்டேன், இது வாங்கிக் குடுத்தவரு இருக்காரு, அவரக் கேளுன்னு. அதான் வந்துட்டீங்களே. ஆண்டவனே அனுப்பின மாதிரி.”

அவ்வளவுதான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

கீழே சுகுமாரன் காத்திருந்தான். “பேசினீங்களா அங்கிள்?”

“புரிய மாட்டேங்குது.” கூசாமல் சொன்னான். பேசாதவனுக்கு எப்படித் தெரியும், அவளுக்குப் புரியாது என்று?

“அப்ப ஒன்னு செய்ங்க. நாளைக்கு அவங்கள எங்கயாச்சும் ஜாலான் ஜாலான் கூட்டிட்டுப் போங்க. அந்த நேரத்துல நாங்க சாமான பத்திரமா கீழ எறக்கிட்டு பூட்ட மாத்திடறோம். நீங்க ஓக்கேன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும், ஆரம்பிச்சிருவோம். நீங்க சொல்லாம தொட மாட்டோம்.”

நீங்கள் சொல்லாமல் தொட மாட்டோம். பையன் கெட்டிக்காரன், பாரத்தை யார் தோளில் இறக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஹெர்பர்ட் அறைக்குப் போய் ஜித்ராவில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டான். அதை நடத்தும் இவாஞ்சலின் சர்ச்சில் பழக்கமானவள். ஒரு கட்டில் காலி இருந்தது. “ஆனா மூணு மாசத்துக்குத்தாண்ணே. டிசம்பருக்கு அப்புறம் கமிட்டி ஒத்துக்காது. அதுக்குள்ள வேற எடம் பாத்துருங்க” என்றாள். ஹெர்பர்ட்டுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. தெருவிலா விடுகிறோம், கட்டில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, நல்லதுதான் செய்கிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவன் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் தன்னைச் சமாளித்து வந்தான்.

காலையில், அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்ற வேண்டுதலோடுதான் கேட்டான். “சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமாக்கா?”

பாப்பம்மா யோசிக்கவே இல்லை. “போவோமே! இனி என்னா அவசரம்? சண்டேக்கு எறங்கணும்னா இருக்கு? வீடு எங்கயும் ஓடிப்போயிராது.” நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, கதவைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். முப்பது வருடமாக ரிசார்ட்டுக்குக் கட்டிய பணத்தின் ரசீதுகள் இருந்த ஃபைலை மட்டும் பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டாள். அதை எங்கேயும் விட்டுப் போவதில்லையாம்.

முதலில் பூலாவ் புந்திங் தீவு. பாலத்தின் மேல் காடியை நிறுத்தினான். தூண்டில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். பாப்பம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, கடற்கரையைத் தேடினாள். “என் வீடு தெரியுதா தம்பி இங்கேருந்து?” தெரிந்தது. மஞ்சள் கறையோடு ஒரு கட்டடம், மூன்றாம் மாடியில் வெயில் பட்டு ஒரே ஒரு கண்ணாடி மின்னியது. “அதோ! நான் தொடச்ச கண்ணாடி!” என்று கை தட்டினாள். தூண்டில்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருடம் அங்கிருந்து இந்தத் தீவைப் பார்த்தவள், இன்றைக்குத் தீவுப் பக்கமிருந்து வீட்டைப் பார்த்தாள். போக மனசில்லாமல் ரொம்ப நேரம் நின்றாள்.

தஞ்சோங் டாவாயில் கருவாட்டுக் கடைகளைச் சுற்றினார்கள். பாப்பம்மா நெத்திலி வாங்கினாள், இறால் பிளாச்சான் வாங்கினாள், அடுத்த வாரம் வந்து கணவாய் வாங்குவதாகக் கடைக்கார மலாய்க்காரம்மாவிடம் சொல்லிவைத்தாள். “ஸாயா டுடோக் டெக்காட் ஸினி” என்றாள். பக்கத்தில்தான் குடியிருக்கிறேன் என்று. அந்தம்மா சந்தோஷமாக ஒரு கைப்பிடி அதிகம் போட்டாள். ஹெர்பர்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகை வந்தது, வந்து என்ன பிரயோஜனம்?

அங்கிருந்து படகில் ஆற்று முகத்தைத் தாண்டினால் பந்தாய் மெர்டேக்கா. பத்து நிமிடம்கூட ஆகாது. படகில் ஏறும்போது பாப்பம்மா இடுப்பிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய சாவியை உருவினாள்.

“தண்ணில விழுந்துகிந்துத் தொலஞ்சிட்டா? நீங்க வச்சிக்குங்க தம்பி.”

படகு நடு ஆற்றில் இருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சுகுமாரன். ‘அங்கிள், ஓக்கே?’ அவ்வளவுதான்.

ஹெர்பர்ட்டின் இடது கையில் சாவி. வலது கையில் போன். எதிரே பாப்பம்மா சேலைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிறு பிள்ளையைப் போலத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று எழுதலாம். வேண்டாம் என்றால் கரைக்குப் போனதும் அவளை உட்காரவைத்து, அக்கா, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கரை நெருங்கியது. அவன் சரி என்று கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனை உள்ளே போட்டான். முப்பது வருடத்துக்கு முன்னால் வாயால் செய்ததை இப்போது ஒரு விரலால் செய்தான். சீ, என்ன மனிதன்!

பந்தாய் மெர்டேக்காவில் மழை தூறியது. ஒரு கடைக் குடைக்குக் கீழே உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டார்கள். பாப்பம்மா கால்மிதி ஒன்று வாங்கினாள், பச்சையில் சிவப்புப் பூ போட்டது.

“வாசலுக்கு. இத்தன வருசம் பழைய சாக்குத்தான் போட்டேன். ஏழு நாளைக்கி எதுக்குன்னு. இனி வர்றவங்க கால தொடச்சிட்டு வரட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அவரு செத்த பெறகு இன்னிக்குத்தான் தம்பி நான் சந்தோசமா இருக்கேன். ஒங்க குடும்பம் நல்லா இருக்கணும்.”

ஹெர்பர்ட் அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு காசு கொடுத்தான்.

மூன்றரை மணிக்குத் திரும்பினார்கள். காவல் கொட்டகை ஓரத்தில், தூறல் படாமல் கூரைக்குக் கீழே, கறுப்புக் குப்பைப் பைகள் பதினாறு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சுகுமாரன் சொன்ன சொல் தவறவில்லை, பத்திரமாகத்தான் இறக்கியிருந்தான். முருகன் படத்தையும் ராமையா படத்தையும் குளியல் துண்டில் சுற்றி ஒரு நாற்காலியில் வைத்திருந்தான். கறிவேப்பிலைத் தொட்டி தரையில் இருந்தது. ஒரு பையிலிருந்து புளித்த பால் கசிந்து சிமெண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பாப்பம்மா காடியிலிருந்து இறங்கினாள். பைகளைப் பார்த்தாள். மூன்றாம் மாடியைப் பார்த்தாள். அங்கே இரண்டு பேர் ஜன்னலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சுகுமாரன் இரண்டடி பின்னால் போய் நின்றான். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவசரமில்லாமல் ஹெர்பர்ட் பக்கம் திரும்பினாள்.

“நல்ல வேள, நீங்க கூட இருக்கீங்க. இல்லன்னா நான் என்னா பண்ணியிருப்பேன்? சொல்லுங்க தம்பி இவங்கிட்ட. முப்பது வருசம் முடிஞ்சா வீடு எனக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க? மண்டபத்துல வச்சி, எல்லாரு முன்னுக்கும் சொன்னீங்கல்ல? அதச் சொல்லுங்க, போதும்.”

சுகுமாரன் ஹெர்பர்ட்டைப் பார்த்தான். அவன் கண்ணில் முதல் தடவையாக ஒரு கேள்வி இருந்தது. “அப்படிச் சொன்னீங்களா அங்கிள்?” காவல்காரரும் பார்த்தார். ஏஜென்ட், சர்ச் பொருளாளர், கிராணி மகன், எல்லாமாகவும் ஹெர்பர்ட் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு திரும்பி வந்துவிடாது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அந்த ஒரு வார்த்தையாவது மிஞ்சியிருக்கும்.

“நான் அப்படிச் சொல்லலக்கா” என்றான். “நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க.”

மழை கொஞ்சம் வலுத்தது. பாப்பம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. கடிதம் படித்துக் காட்டும்போது கிராணியின் முகத்தைப் பார்ப்பார்களே, இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறதா என்று, அப்படிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“என் சாவியக் குடுங்க.”

கொடுத்தான். அது இனி எதையும் திறக்காது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, தானாகவே போய்க் காடியின் பின் சீட்டில் உட்கார்ந்தாள். முன் சீட்டில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

காடி ஜித்ராவுக்குக் கிளம்பியது. பைகளில் ஆறுதான் காடியில் ஏறின. மற்றதைப் பிறகு எடுத்து வருவதாக ஹெர்பர்ட் சொன்னான். அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

இல்லத்தில் இவாஞ்சலின் வாசலுக்கு வந்து அன்பாகக் கூட்டிக்கொண்டு போனாள். நீளமான ஒரு அறை, பக்கத்துக்கு நாலாக எட்டுக் கட்டில், ஜன்னலோரத்தில் ஒன்று காலி. “சாமி படத்த அந்த அலமாரி மேல வச்சிக்கலாம்மா. அடுப்பு மட்டும் வேணாம், அடுப்பங்கரைக்குள்ள நாங்க யாரையும் விடறதில்ல. காலைல ஆறு மணிக்கு மைலோ குடுத்துருவோம்.” சொல்லிவிட்டு ஃபாரம் எடுக்க ஆபீசுக்குப் போனாள்.

பாப்பம்மா கால்மிதியைப் பையிலிருந்து எடுத்தாள். எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தாள். அவளுக்கென்று வாசல் ஏதும் அங்கே இல்லை. கட்டிலுக்குக் கீழே போட்டு, அதில் காலைத் துடைத்துவிட்டு நின்றாள். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“இங்க எத்தன வருசம் தம்பி?”

மூன்று மாதம். இரண்டே வார்த்தை. ஹெர்பர்ட் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான், ஆண்டவர் சாட்சியாகச் சொல்லத்தான் திறந்தான். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க இருக்கற வரைக்கும் உங்களுக்குத்தான்க்கா” என்றான்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். பாப்பம்மா பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். முப்பது வருட ரசீதுகளில் மேலே இருந்ததை உருவி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, அலமாரி மேல் வைத்தாள். ஃபைலில் செருகியிருந்த பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“இந்தத் தடவ எழுதிக் குடுங்க.”

ஹெர்பர்ட் பேனாவை வாங்கிக்கொண்டான். அலமாரிமேல் குனிந்தான்.

“தேதியும் போடுங்க” என்றாள்.

தேதியைப் போட்டான். அதற்குமேல் கை ஓடவில்லை. பாப்பம்மா பக்கத்திலேயே நின்று காத்துக்கொண்டிருந்தாள்.